விடுபட்ட 2.6 கிலோமீட்டர்: செட்டிநாட்டு மினி பஸ் வழித்தடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கானாடுகாத்தானுக்கும் திருமயத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், சிவகங்கை மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் ஊர் இது. ஊரின் பெயரையும் இதில் வரும் எவருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. நான் ஓய்வுபெற்ற நில அளவர்; இதே ஊர்க்காரன்.

வெளியூரார் செட்டிநாடு என்றதும் அகன்ற தெருக்களையும் பூட்டிய பெரிய வீடுகளையும் நினைக்கிறார்கள். அந்த வீடுகளைத் துடைத்துப் பெருக்குகிறவர்கள், காவல் இருக்கிறவர்கள், ஆத்தங்குடிப் பூக்கல் (கையால் செய்யும் தரை ஓடு) பட்டறையிலும் புதுவயல் அரிசி ஆலையிலும் வேலை செய்கிறவர்கள் யாவரும் தினமும் எங்கிருந்தோ எப்படியோ வந்து சேர வேண்டும். அந்த ‘எப்படியோ’ பற்றியதுதான் இந்த ஆய்வு.

2020 மார்ச் வரை ஊருக்குக் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை டவுன் பஸ் வந்தது. கொரோனா ஊரடங்கில் நின்றது. மற்ற தடங்களில் பஸ்கள் திரும்பின. எங்கள் தடத்தில் திரும்பவில்லை. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அந்தச் சலுகை கிடைக்க, முதலில் மெயின் ரோடு வரை 4.6 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தது.

ஊருக்கு வடக்கே, கண்மாய்க்குப் பின்புறம், 40 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு இருக்கிறது. வருவாய்க் கணக்கில் அது புதுக்கோட்டை மாவட்டம். ரேஷன் கடை அந்தப் பக்கம். பள்ளிக்கூடம், கோயில், வேலை எல்லாம் இந்தப் பக்கம். பூக்கல் பட்டறைக்குப் போகும் பெண்களில் பாதிக்கு மேல் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள்.

2022 நவம்பர்: கண்மாய்த் திருப்பம்

பஸ் நின்ற பிறகு பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, ‘குட்டி யானை’ என்று ஊரில் சொல்லும் சிறிய சரக்கு வண்டி ஒன்றில் வேலைக்குப் போனார்கள். நின்றுகொண்டுதான் பயணம். மழைக்காலத்தில் ஒரு காலை, கலுங்கு (கண்மாயின் உபரிநீர் வெளியேறும் வழி) வழிந்து சாலையோரம் கரைந்திருந்த திருப்பத்தில் வண்டி சாய்ந்தது. உள்ளே 11 பேர். இரண்டு பெண்களுக்கு எலும்பு முறிவு. ஒருவருக்குத் தொடை, மற்றவருக்கு முன்கை. இருவரும் வடக்குக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள்.

விபத்தின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான மாநிலத் திட்டத்தால் ஆஸ்பத்திரிச் செலவின் பெரும்பகுதி குறைந்தது. இழப்பீடு என்ற பேச்சு வந்தபோதுதான் கைவிரிக்க வேண்டியதாயிற்று. சரக்கு வண்டியில் கூலியில்லாமலோ கூலி கொடுத்தோ ஏறிச் செல்பவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்பதே, உச்ச நீதிமன்றம் 2002-இல் ஆஷா ராணி வழக்கில் சொன்னதன் சாரம். வண்டிக்குப் பாலிசி இருந்தும் பயன் இல்லை. பணம் தர வேண்டியவர் வண்டிக்காரர். அவரோ தவணையில் வண்டி வாங்கியவர்.

தொடை முறிந்த அம்மாள் எட்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. அவரைப் பார்க்கப் போனபோது அவர் கேட்டது பணத்தைப் பற்றி அல்ல. “ஐயா, அந்தப் பஸ் இனிமேல் வரவே வராதா?” என்றார். எங்கள் வேலை அந்தத் திண்ணையில்தான் தொடங்கியது.

தவறான கதவுகள்

2023 முழுவதும் தவறான இடங்களில் கேட்டுக்கொண்டிருந்தோம். சுதந்திர தினக் கிராம சபையில் தீர்மானம், மக்கள் குறைதீர்க்கும் நாளில் மூன்று மனு, சட்டமன்ற உறுப்பினரிடம் இரண்டு மனு. மனுக்கள் எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: ‘எங்கள் ஊருக்குப் பஸ் விடச் சட்டம் கொண்டுவர வேண்டும்.’

சட்டமன்ற உறுப்பினர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். அவர் சொன்னதை முன்பே தெரிந்துகொண்டிருந்தால் ஓராண்டு மிச்சமாகியிருக்கும். இயந்திர வாகனங்கள் அரசமைப்புச் சட்டத்தின் பொதுப் பட்டியலில் 35-ஆவது இனம். பர்மிட், லைசென்ஸ், தண்டனை ஆகியவற்றுக்கான அடிப்படைச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றிய 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். வாகன வரி மாநிலப் பட்டியலில் 57-ஆவது இனம். அதற்குத் தமிழ்நாட்டுக்கு 1974-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. ஆகவே பேரவையில் மசோதாவாக வந்து நிறைவேறுவது பெரும்பாலும் வரித் திருத்தம். எந்தத் தடத்தில் யார் பஸ் ஓட்டலாம் என்பதை, மத்தியச் சட்டத்தின் ஆறாவது அத்தியாயம் தரும் அதிகாரத்தில், மாநில அரசு ‘திட்டம்’ என்ற பெயரில் அரசிதழில் வெளியிடுகிறது. அதற்குப் பேரவையில் வாக்கெடுப்பு கிடையாது.

2023 அக்டோபரில் பேரவை நிறைவேற்றிய வரித் திருத்தம் எங்கள் ஊரையும் தொட்டது. ஒரு லட்சம் ரூபாய் வரையுள்ள இருசக்கர வாகனத்துக்கு வாழ்நாள் வரி 8 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாயிற்று. பஸ் இல்லாததால் கடன் வாங்கி வண்டி வாங்கிய மூன்று வீட்டாருக்கு அது கூடுதல் சுமை. பஸ் உள்ள ஊர்க்காரர் வண்டி வாங்குவது வசதிக்காக. பஸ் இல்லாத ஊர்க்காரருக்கு வேறு வழியில்லை. வரி இருவருக்கும் ஒன்றாக இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அரசு டவுன் பஸ்தான் வேண்டும் என்று பெண்கள் உறுதியாக இருந்தார்கள்; மினி பஸ் தனியாருடையது, அதில் கட்டணமில்லாப் பயணம் இல்லை. அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் நான்கு ஆண்டில் டவுன் பஸ் திரும்பும் அறிகுறியே தென்படவில்லை. இரண்டையும் சேர்த்துக் கேட்பது, முதலில் வருவதைப் பிடித்துக்கொள்வது என்று 2024 தொடக்கத்தில் முடிவு செய்தோம்.

2024 ஜூன்: 30 நாள்

தமிழ்நாட்டில் மினி பஸ் திட்டம் 1997-இல் தொடங்கியது. அதை மாற்றியமைக்கும் புதிய விரிவான திட்டத்தின் வரைவை அரசு 2024 ஜூனில் வெளியிட்டது. இத்தகைய வரைவு அரசிதழில் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்கிறது சட்டத்தின் 100-ஆவது பிரிவு. ஆட்சேபித்தவர் நேரில் பேச வாய்ப்பும் தர வேண்டும். ஓராண்டுக்குள் இறுதித் திட்டம் வெளியாகாவிட்டால் வரைவு காலாவதியாகிவிடும்.

சாதாரண மனிதர் ஒருவர் போக்குவரத்துச் சட்டம் உருவாகும் அறைக்குள் கால் வைக்க இதைவிட நேரான வழி இல்லை. ஆனாலும் எங்களுக்குத் தெரியவந்தது 12-ஆவது நாள். தேவகோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கும் எங்கள் ஊர்ப் பையன் சொல்லித்தான். பாக்கி 18 நாள்.

முதல் கூட்டத்தில் பத்துப் பேர் பத்து விதமாகப் பேசினார்கள். ஊரின் கஷ்டத்தை நான்கு பக்கம் எழுதலாம் என்றார் ஒருவர். கஷ்டம் எல்லா ஊருக்கும் உண்டு. தூரத்தை அளந்து எழுதுவோம் என்றேன் நான். மினி பஸ் திட்டத்தின் உயிர் முழுவதும் தூரக் கணக்கில்தான் இருக்கிறது. வழித்தடத்தில் ‘சேவை உள்ள பகுதி’ (ஏற்கெனவே பஸ் ஓடும் பகுதி) எவ்வளவு, ‘சேவை இல்லாத பகுதி’ எவ்வளவு என்பதை வைத்தே பர்மிட் உண்டா இல்லையா என்று தீர்மானிக்கிறார்கள். பழைய திட்டத்தில் வழித்தடம் 20 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. புதிய திட்டத்தில் அது 25.

சங்கிலியோடு மூன்று நாள்

மெயின் ரோட்டில் கிலோமீட்டர்க் கற்கள் இருக்கின்றன. அளக்க வேண்டியது ஊர்ச் சாலைகளைத்தான். வீட்டில் கிடந்த 30 மீட்டர் சங்கிலியை எண்ணெய் போட்டுத் துடைத்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இரண்டு பையன்களும் குமாஸ்தாப் பையனும் உடன் வந்தார்கள். மூன்று நாளில் 530 சங்கிலி போட்டு 15.9 கிலோமீட்டர் அளந்தோம். கிராம வரைபடத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு நிறுத்தத்தையும் அங்கே காத்திருக்கும் ஆட்களின் எண்ணிக்கையையும் குறித்தோம்.

அளந்தபோது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, நின்றுபோன டவுன் பஸ் ஓடிய 3.1 கிலோமீட்டர் தாளில் இன்னும் ‘சேவை உள்ள’ தடமாகவே இருந்தது. நான்கு ஆண்டாகப் பஸ் இல்லாத சாலையில் பஸ் இருப்பதாக ஏடு சொன்னது. இரண்டு, வடக்குக் குடியிருப்புக்கு உள்ள 2.6 கிலோமீட்டரில் கடைசி 900 மீட்டர் அடுத்த மாவட்டத்துக்குள் போகிறது. சங்கிலி எல்லைக் கல்லைத் தாண்டியபோது, இது பின்னால் சிக்கலாகும் என்று தோன்றியது. நோட்டில் எழுதி வைத்தேன். அத்தோடு விட்டதுதான் என் தவறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

நாங்கள் வகுத்த தடம் குடியிருப்பில் தொடங்கி, ஊர் மந்தை, பள்ளிக்கூடம், இரண்டு சிற்றூர்கள், பூக்கல் பட்டறைப் பக்கம் என்று சுற்றி மெயின் ரோடு ஏறி, அரசு ஆஸ்பத்திரி வாசலில் முடிந்தது. மொத்தம் 24.2 கிலோமீட்டர். சேவை இல்லாதது 15.9, சேவை உள்ளது 8.3.

ஆட்சேப மனு ஒன்றரைப் பக்கம். அதில் மூன்று கோரிக்கை: தாளில் உள்ள பஸ்ஸை அல்ல, ஓடும் பஸ்ஸைக் கொண்டே ‘சேவை உள்ள தடம்’ எது என்று தீர்மானிக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் முடியும் தடத்துக்குத் தூர வரம்பில் தளர்வு வேண்டும், மாவட்ட எல்லை தாண்டும் தடத்தை ஒரே அலுவலகம் முடித்துக்கொடுக்க வேண்டும். அளவுப் பட்டியலும் கைவரைபடமும் இணைப்பு. 27-ஆவது நாள் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

ஜூலை: சென்னைக் கூட்டம்

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு மூன்று பேர் போவது என்று முடிவாயிற்று: நான், பஞ்சாயத்துத் தலைவர், பட்டறையில் வேலை செய்யும் ஓர் அம்மாள். அவர் ஊரைச் சேர்ந்தவர். வடக்குக் குடியிருப்பைச் சேர்ந்தவர் அல்லர். குடியிருப்பில் யாருக்கும் இரண்டு நாள் கூலியை விட்டு வர முடியவில்லை. அந்தக் கூலியை ஊர்ப் பொதுப் பணத்திலிருந்து கொடுத்திருக்கலாம். அப்போது எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

இரவு ரயிலில் போய்ச் சேர்ந்தோம். அறை நிறைய ஆட்கள். பஸ் உரிமையாளர்கள், மினி பஸ் உரிமையாளர்கள், தொழிற்சங்கத்தார் ஆகியோரே அதிகம். பஸ்ஸில் ஏறுகிற தரப்பிலிருந்து வந்தவர்கள் என் கண்ணில் பட்ட அளவில் மிகச் சிலர். உரிமையாளர்கள் வருமானத்தையும் வரியையும் பேசினார்கள். அவர்கள் கவலையிலும் உண்மை இருந்தது.

எங்களுக்கு மூன்று நிமிடம் கிடைத்தது. பஞ்சாயத்துத் தலைவர் வரவேற்புரை போலத் தொடங்கி ஒரு நிமிடத்தைச் செலவழித்துவிட்டார். பிறகு அந்த அம்மாள் எழுந்து, “3.1 கிலோமீட்டருக்குப் பஸ் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். நான் அந்த ரோட்டில்தான் நடக்கிறேன். நான்கு வருடமாக ஒரு பஸ்ஸையும் பார்க்கவில்லை” என்றார். மேசையில் இருந்த அதிகாரிகளில் ஒருவர் அளவுப் பட்டியலை வாங்கிப் புரட்டி, யார் அளந்தது என்று கேட்டார். சொன்னேன். குறித்துக்கொண்டார்.

2025: 65 சதவீதக் கணக்கு

இறுதித் திட்டத்தில் வழித்தட நீளம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர். அதில் குறைந்தது 65 சதவீதம் சேவை இல்லாத பகுதியாக இருக்க வேண்டும். எங்கள் 24.2-இல் 15.9 என்பது 65.7 சதவீதம். மயிரிழையில் தேறியது.

பக்கத்து ஊரைச் சேர்ந்த ஒருவர் வண்டி போட முன்வந்தார். ஏற்கெனவே வேன் ஓட்டியவர். பாங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். கள ஆய்வின்போது, நின்றுபோன டவுன் பஸ்ஸின் 3.1 கிலோமீட்டர் குறித்துக் கேள்வி வந்தது. பள்ளித் தலைமையாசிரியரின் கடிதம், கிராம சபைத் தீர்மானம், எங்கள் அளவுப் பட்டியல் மூன்றையும் காட்டினோம். ஆய்வுக்கு வந்தவர் காலை ஏழு மணி முதல் பத்து மணி வரை மந்தையிலேயே உட்கார்ந்து பார்த்தார். ஒரு பஸ்ஸும் வரவில்லை. அந்தப் பகுதி சேவை இல்லாதது என்று ஏற்கப்பட்டது.

அடுத்து மாவட்ட எல்லை. இரண்டு வட்டாரங்களில் ஓடும் தடத்துக்கு, பெரும்பகுதி எங்கே இருக்கிறதோ அந்த வட்டாரத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது 69-ஆவது பிரிவு. அது சிவகங்கை, சிக்கல் இல்லை. ஆனால் ஒரு வட்டாரத்தில் கொடுத்த பர்மிட் அடுத்த வட்டாரத்தில் செல்ல, அங்கே மேலொப்பம் (அந்த வட்டார அலுவலகத்தின் ஒப்புதல்) வேண்டும் என்கிறது 88-ஆவது பிரிவு. 900 மீட்டருக்காக இன்னொரு கோப்பு, இன்னொரு ஆய்வு.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

வண்டிக்காரர் தவணை கட்டத் தொடங்கியிருந்தார். மேலொப்பத்துக்குக் காத்திருந்தால் எத்தனை மாதம் ஆகும் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. “முதலில் ஓட்டத் தொடங்குவோம், குடியிருப்பைப் பிறகு சேர்த்துக்கொள்வோம்” என்றார். எல்லைக் கல்லுக்கு முன்பே நிறுத்தலாமே என்று கேட்டேன். அங்கே கண்மாய்க் கரையைத் தவிர வண்டி திரும்ப இடமில்லை. ஆகவே 2.6 கிலோமீட்டரையும் விட வேண்டும்.

விட்டதும் கணக்கு உடைந்தது. மொத்தம் 21.6, சேவை இல்லாதது 13.3, அதாவது 61.6 சதவீதம். 65-ஐத் தொட, சேவை உள்ள பகுதியைக் குறைத்தாக வேண்டும். மெயின் ரோட்டில் 1.3 கிலோமீட்டரை வெட்டினோம். சேவை உள்ளது 7.0, மொத்தம் 20.3, 65.5 சதவீதம். பஸ் இனி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகாது, அதற்கு 1.3 கிலோமீட்டர் முன்பே முடிந்துவிடும்.

ஒரு குடியிருப்பை விட்டதால் ஆஸ்பத்திரியும் போயிற்று. சட்டத்தின் கணக்கில் அந்த 40 வீடுகள்தான் மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி வரை போகும் தகுதியைத் தந்துகொண்டிருந்தன. தாளில் கூட்டிக் கழித்துப் பார்த்த அன்றுதான் அது எனக்குப் புரிந்தது.

கூட்டத்தில் 14 பேர் இருந்தோம். கைதூக்கி முடிவெடுத்தோம்: 12 பேர் சம்மதம், இருவர் மறுப்பு. நான் சம்மதித்தவர்களில் ஒருவன். பஸ்ஸே இல்லாமல் ஐந்து ஆண்டு போய்விட்டது, கிடைப்பதை இழக்கக் கூடாது என்பது என் காரணம். குடியிருப்பிலிருந்து கூட்டத்தில் எவரும் இல்லை. மறுநாள் மாலை நானே போய்ச் சொன்னேன். தொடை முறிந்த அம்மாள் திண்ணையில்தான் இருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, “விழுந்தது நாங்கள் ஐயா” என்றார். பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

பஸ் வந்த பிறகு

2025 ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் புதிய மினி பஸ் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எங்கள் தடத்தில் வண்டி ஓடத் தொடங்கியது அதற்குச் சில மாதங்கள் கழித்து. மந்தையில் மாவிலைத் தோரணம் கட்டினார்கள். பூட்டிய வீடு ஒன்றில் தனியாக இருக்கும் 80 வயது ஆச்சி முதல் டிக்கெட் வாங்கி, மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்தார்.

நாளைக்கு நான்கு நடை. பள்ளிப் பிள்ளைகள் நேரத்துக்குப் போகிறார்கள். லைசென்ஸ் எடுக்கும் வயது வராத பையன்கள் பாட்டியையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு பைக்கில் மெயின் ரோட்டுக்குப் போவது குறைந்திருக்கிறது. பெற்றோருக்குச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடம்தரும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவைப் பள்ளியில் எத்தனையோ முறை சொல்லியும் குறையாதது, காலை எட்டு மணி பஸ்ஸால் குறைந்தது.

எதிர்பாராததும் நடந்தது. ஊர்ப் பெண்களில் சிலர் இன்னும் மெயின் ரோட்டுக்கு நடக்கிறார்கள். அரசு பஸ்ஸில் டிக்கெட் இல்லை, மினி பஸ்ஸில் உண்டு; மாதக் கணக்கில் அது அரிசி வாங்கும் பணம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கடைசி நிறுத்தத்தில் இறங்கி அரசு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். இளையவர்களுக்கு அது பெரிதல்ல. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவருக்குத் திரும்பி வரும் 1.3 கிலோமீட்டர் மிகப் பெரிது.

வடக்குக் குடியிருப்புப் பெண்கள் 2.6 கிலோமீட்டர் நடந்து மந்தைக்கு வந்து மினி பஸ் ஏறுகிறார்கள். குட்டி யானை அவர்களுக்காக இன்னும் ஓடுகிறது. ஏறுகிற ஆள் குறைந்ததால் தலைக்குத் தரும் பணம் கூடியிருக்கிறது.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

எல்லைக் கல்லை நான் கண்டது 2024 ஜூனில். மேலொப்பத்தைப் பற்றிக் கேட்டது 2025-இல். அந்த இடைவெளியில் அடுத்த மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு முறை போய் நடைமுறையைத் தெரிந்துகொண்டிருந்தால், வண்டிக்காரர் கடன் வாங்கும் முன்பே கோப்பு நகர்ந்திருக்கும். செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. இந்த வட்டாரத்தில் தடம் வகுக்கிற எவரும் எல்லையை முதல் நாளே பார்க்க வேண்டும்.

குடியிருப்புக்காரர்கள் இல்லாத கூட்டத்தில் குடியிருப்பைப் பற்றி முடிவெடுத்தோம். கூட்டத்தை அவர்கள் வேலை முடித்து வரும் நேரத்துக்கு, அவர்கள் இடத்தில் வைத்திருக்க வேண்டும். அன்று அவர்களில் ஐந்து பேர் இருந்திருந்தால் அந்தக் கைகள் அத்தனை எளிதில் உயர்ந்திருக்காது, என் கையும்தான்.

சென்னைக்குப் போகும்போது யார், எத்தனை நிமிடம், என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். அந்த அறையில் எடுபட்டவை அளவுப் பட்டியலும் நடந்து பார்த்தவர் சொன்ன ஒரு வாக்கியமும்தான்.

சட்டத்தின் பக்கமும் ஒரு குறை இருக்கிறது. 65 சதவீதம் என்ற அளவு அரசு பஸ்ஸின் வருமானத்தையும் காக்கிறது, சிற்றூருக்கும் வழி விடுகிறது. அதன் நோக்கத்தை நான் ஏற்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரி வாசலுக்கு முந்தைய 1.3 கிலோமீட்டரை மற்ற 1.3 கிலோமீட்டர்களோடு ஒரே தராசில் வைப்பதை ஏற்க முடியவில்லை. பேரவை உறுப்பினர்கள் இதற்கு வாக்களிக்க வேண்டியதில்லை என்றாலும், போக்குவரத்து மானியக் கோரிக்கையின்போது கேட்கலாம். எங்கள் உறுப்பினரிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். முன்பு போல ‘சட்டம் கொண்டுவருக’ என்று எழுதவில்லை.

இப்போதைய நிலை

பர்மிட்டில் தடத்தை நீட்டக் கேட்பது 80-ஆவது பிரிவின்படி புதிய பர்மிட் கேட்பதற்குச் சமம். வண்டிக்காரர் அதற்கு விண்ணப்பித்துவிட்டார். இம்முறை மேலொப்பத்துக்கான தாள்களையும் தயாராக வைத்திருக்கிறோம். குடியிருப்புச் சேர்ந்தால் சேவை இல்லாத பகுதி மீண்டும் 15.9 ஆகும், ஆஸ்பத்திரி வரையிலான 1.3 கிலோமீட்டரையும் அதே மனுவில் கேட்டிருக்கிறோம்.

குழுவில் இப்போது 17 பேர். புதிதாகச் சேர்ந்த மூவரும் வடக்குக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவர் தொடை முறிந்த அந்த அம்மாள். சென்ற மாதம் 2.6 கிலோமீட்டரை மறுபடி அளந்தபோது சங்கிலியின் ஒரு நுனியை அவருடைய மகள் பிடித்துக்கொண்டாள். எல்லைக் கல் வரை 1,700 மீட்டர், அதற்கு அப்பால் 900. முதல் அளவுக்கும் இதற்கும் வித்தியாசம் இரண்டு மீட்டர்கூட இல்லை. கோப்பு இரண்டாவது மாவட்டத்தில் இருக்கிறது.